நிலத்தை விற்க வேண்டாம் தம்பி, முதலில் இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுங்கள்

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். எங்கள் மகளுக்கு 3 வயது 4 மாதம். 30 வாரத்திலேயே பிறந்துவிட்டாள், எடை 1 கிலோ 250 கிராம், 38 நாள் இன்குபேட்டரில் இருந்தாள். குறைமாதக் குழந்தை மெதுவாகத்தான் வரும் என்று எல்லோரும் சொன்னதை நம்பி ஒன்றரை வயதுவரை இருந்துவிட்டோம். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து மூளை முடக்குவாதம், அதில் இரண்டு காலும் இறுகிப்போகிற ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா வகை என்றார்கள். நன்றாகப் பேசுகிறாள், பாடுகிறாள். காலை இரண்டு பக்கமும் பின்னால் மடித்து உட்காருவாள், முயல் மாதிரி இரண்டு காலையும் ஒன்றாக இழுத்துத் தவழ்வாள், கட்டிலைப் பிடித்து நிற்பாள். ஆனால் நுனிக்காலில்தான் நிற்கிறாள், கால் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கிறது. ஒரு கண் கொஞ்சம் மாறுகண். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடுவாள் என்று ஓர் இடத்தில் 4 லட்சம் கேட்கிறார்கள், இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் குறைத்துக்கொள்வார்களாம். அரை ஏக்கர் நிலம் இருக்கிறது, விற்கலாமா? என் அம்மா ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போய் எண்ணெய் போட்டு நீவி விடுகிறார், பாப்பா கதறுகிறாள். அரசு மருத்துவமனையில் போடாக்ஸ் ஊசி போடலாம் என்றார்கள், அது விஷம் என்று பயமுறுத்துகிறார்கள். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று என் மனைவியைப் பேசுகிறார்கள். அங்கன்வாடியிலும் வேண்டாம் என்கிறார்கள். அவள் நடப்பாளா, மாட்டாளா, அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, நிலத்தை விற்க வேண்டாம். முன்பணமும் கட்ட வேண்டாம். மாதம் முடிவதற்குள் நீங்கள் முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பிறகு விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் 26 வருடமாகக் குழந்தைகளுக்குப் பிசியோதெரபி செய்கிறவள். உங்கள் மகளை நேரில் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற விதம், அவள் எப்படி உட்காருகிறாள், எப்படித் தவழ்கிறாள் என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அது எனக்கு நிறையச் சொல்கிறது. பல அறிக்கைகளில்கூட இந்த விவரம் இருக்காது.

முதலில் உங்கள் மனைவியின் விஷயம். இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். 30 வாரத்தில் பிறக்கிற குழந்தையின் மூளையில், நடுவில் இருக்கும் நீர் அறைகளைச் சுற்றியுள்ள பகுதி இன்னும் முதிர்ந்திருக்காது. அங்கே ரத்த ஓட்டம் சற்றுக் குறைந்தாலும், கிருமித் தொற்று வந்தாலும், சட்டென்று பாதிக்கப்படும். காலுக்குப் போகிற நரம்பு இழைகள் அந்த நீர் அறைகளை ஒட்டியே இறங்குகின்றன, கைக்கும் முகத்துக்கும் போகிறவை சற்றுத் தள்ளிப் போகின்றன. அதனால்தான் குறைமாதக் குழந்தைகளுக்குக் கால் அதிகமாகவும் கை குறைவாகவும் பாதிக்கப்படுகிறது, பேச்சும் புத்தியும் பல நேரம் தப்பிக்கின்றன. உங்கள் மகளின் கதை அப்படியே இதோடு பொருந்துகிறது. சொந்தத்தில் திருமணம் செய்வதால் சில மரபு நோய்கள் வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை, ஆனால் இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைக்கு, எம்.ஆர்.ஐ.யிலும் அதற்கேற்ற மாற்றம் இருந்தால், காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை. உங்கள் மனைவி சாப்பிட்டதோ, மாடிப்படி ஏறியதோ, பிரசவத்தில் முக்கியதோ முக்காததோ காரணமில்லை. அந்த 38 நாளும் கண்ணாடிக்கு வெளியே நின்று பால் எடுத்துக் கொடுத்தவர் அவர்தானே? அவரை இனியும் கூண்டில் நிறுத்தினால் பாப்பாவுக்குத்தான் நஷ்டம், ஏனென்றால் இனி வரப்போகிற வேலையில் பாதி அவர் கையில்தான் இருக்கிறது.

ஒன்றரை வயதுவரை காத்திருந்ததற்காக நீங்களும் உங்களை அடித்துக்கொள்ள வேண்டாம். சீக்கிரம் கண்டுபிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்தான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்களை மெதுவாகத்தான் வரும் என்று திருப்பி அனுப்பியவர்கள் படித்தவர்கள்.

சரி, நடப்பாளா?

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் இயக்கத்தை 5 நிலைகளாகப் பிரிக்கிற ஓர் அளவுகோல் இருக்கிறது, ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று பெயர், கனடாவில் 1997-ல் உருவாக்கியது, இன்று உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துகிறோம். முதல் நிலைக் குழந்தை ஓடும், படி ஏறும், கொஞ்சம் தடுமாறும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலை நிற்பதே கடினம். பின்னால் கால் மடித்து உட்காருவது, இரண்டு காலையும் சேர்த்து இழுத்துத் தவழ்வது, பிடித்து எழுந்து நிற்பது, இவை உங்கள் மகளின் வயதில் மூன்றாம் நிலையின் அடையாளம். இப்போது பார்க்கும் மருத்துவரிடம் ‘ஜி.எம்.எஃப்.சி.எஸ். எந்த நிலை’ என்று நேரடியாகக் கேளுங்கள். அவரும் மூன்று என்றால் அதற்கு அர்த்தம் இதுதான்: அவள் வாக்கர் பிடித்து வீட்டுக்குள்ளும் பள்ளி வகுப்பறைக்குள்ளும் நடப்பாள், அதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. சந்தைக்கு, கோயிலுக்கு, நெடுந்தூரத்துக்குச் சக்கர நாற்காலி தேவைப்படும். எதையும் பிடிக்காமல் ஓடியாடுவாள் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். இரண்டாம் நிலை என்று அவர் சொன்னால் எதையும் பிடிக்காமல் நடக்கிற வாய்ப்பு உண்டு, அப்படி இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்கு நெஞ்சு அடைக்கும், தெரியும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மீண்டும் படியுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு ஏதோ ஒரு விதத்தில் நடக்கிறார்கள். பாட்டுப் பாடுகிற, பேச்சு வந்த, பிடித்து எழுந்து நிற்கிற 3 வயதுக் குழந்தை நல்ல இடத்திலிருந்துதான் கிளம்புகிறாள்.

இப்போது ஸ்டெம் செல், அதாவது பல வகை செல்களாக மாறக்கூடிய மூல செல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இது தெளிவாக இருக்கிறது. ரத்த நோய்களுக்குச் செய்கிற எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற, ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சையைத் தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது, அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வு என்றால் அதில் சேருகிற நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஆகவே உங்களிடம் 4 லட்சம் கேட்கிறவரிடம் இது சிகிச்சையா ஆய்வா என்று கேட்டுப் பாருங்கள். சிகிச்சை என்றால் விதிக்கு விரோதம், ஆய்வு என்றால் பணம் ஏன்? வெளிநாடுகளில் தொப்புள்கொடி ரத்தத்தை வைத்து முறையான ஆய்வுகள் நடக்கின்றன, சில குழந்தைகளிடம் சிறிய முன்னேற்றம் தெரிந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்தச் சிறிய முன்னேற்றத்தைக் காட்டி இங்கே இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை எடுத்து முதுகுத்தண்டில் செலுத்தி ‘நடந்துவிடுவாள்’ என்று விற்பது வேறு விஷயம்.

‘ஆனால் ஊசி போட்ட குழந்தைகள் தேறியதை வீடியோவில் பார்த்தோமே’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2001-ல் கனடாவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் உட்கார வைத்தால் மூளை முடக்குவாதம் தேறும் என்று அப்போது ஒரு பெரிய நம்பிக்கை, பெற்றோர்கள் கடன் வாங்கிக்கொண்டு போனார்கள். 111 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அந்த ஆக்சிஜனையும் இன்னொரு பிரிவுக்குக் கொஞ்சம் அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்றையும் 40 முறை கொடுத்தார்கள். இரண்டு பிரிவுமே முன்னேறின! கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆக்சிஜன் பெற்றவர்களுக்கு எந்தக் கூடுதல் பலனும் இல்லை. 3, 4 வயதுக் குழந்தை சும்மா இருந்தாலே 6 மாதத்தில் புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளும், அத்தோடு அப்பாவும் அம்மாவும் வேலையை விட்டுவிட்டு அவளோடேயே இருந்து, நம்பிக்கையோடு உற்சாகப்படுத்தி, தினமும் பயிற்சியும் கொடுத்தால் இன்னும் வேகமாகக் கற்றுக்கொள்ளும். ஸ்டெம் செல் இடங்களிலும் ஊசியோடு சேர்த்து இரண்டு மூன்று வாரம் நாள் முழுக்கப் பயிற்சி கொடுப்பது வழக்கம். அந்தப் பயிற்சியை நிலத்தை விற்காமலே பெறலாம்.

இதற்கு நடுவில் நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். பாப்பாவின் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், இல்லை. எல்லோரும் பாதத்தையே பார்க்கிறார்கள், நுனிக்காலில் நிற்கிறாளே, குதிகால் தரையில் படவில்லையே என்று. ஆனால் தொடை உள்பக்கம் இறுகி இழுக்கும்போது தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்கிறது. ஆரம்பத்தில் வலி இருக்காது, வெளியே தெரியாது. வலி வருகிற காலத்தில் பாதி நழுவியிருக்கும். முதல் நிலைக் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அநேகமாக இல்லை, மூன்றாம் நிலையில் 100-க்கு 41 பேருக்கு, ஐந்தாம் நிலையில் 90 பேருக்கு என்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2006-ல் காட்டியது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், 7 வயதுப் பையன் ஒருவனுக்கு ஒன்றரை வருடம் கணுக்காலையே நீட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் டயபர் மாற்றும்போது அழுகிறான் என்று அவன் அம்மா சொன்னார். எக்ஸ்ரேயில் ஒரு பக்க இடுப்பு முழுக்க வெளியே இருந்தது. அந்தக் குழந்தைக்குப் பெரிய அறுவை சிகிச்சை வேண்டியிருந்தது. இரண்டு வருடம் முன்பு பார்த்திருந்தால் சின்னதாக முடிந்திருக்கும். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை, அதன்பிறகு இடுப்பு எக்ஸ்ரே இல்லாமல் எந்தக் குழந்தைக்கும் நான் திட்டம் போடுவதில்லை.

எக்ஸ்ரே ஒரே ஒரு படம்தான், அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். படுக்கவைத்து முன்பக்கமாக, கால் இரண்டும் நேராக, முட்டி மேல்நோக்கி இருக்கும்படி எடுக்க வேண்டும். பந்தில் எத்தனை சதவீதம் கிண்ணத்துக்கு வெளியே இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வார்கள். 30-ஐத் தாண்டினால் குழந்தைகள் எலும்பு மருத்துவரை உடனே பாருங்கள். தாண்டாவிட்டாலும் 6 மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும், எண் நிலையாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம்.

போடாக்ஸ் பற்றி. விஷம் என்று சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை, கெட்டுப்போன உணவில் வளர்கிற ஒரு கிருமியின் நச்சிலிருந்துதான் அந்த மருந்தை எடுக்கிறார்கள். ஆனால் மருந்தாகக் கொடுப்பது மிகமிகச் சிறிய அளவு, அதுவும் குறிப்பிட்ட தசைக்குள். உங்கள் மகளின் மாறுகண்ணைப் பற்றிச் சொன்னதால் சொல்கிறேன், இந்த மருந்தை மனிதர்களுக்கு முதன்முதலில் பயன்படுத்தியதே மாறுகண்ணுக்குத்தான், ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர். கெண்டைக்காலிலும் தொடை உள்பக்கத்திலும் போட்டால் சில நாளில் இறுக்கம் தளரும், மூன்று நான்கு மாதம் அந்தத் தளர்வு இருக்கும், பிறகு போய்விடும். அந்த மூன்று நான்கு மாதத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குதிகால் தரையில் பட நிற்பது, பாதத்துக்கு ஏ.எஃப்.ஓ. என்கிற பிளாஸ்டிக் தாங்கி போட்டு நடப்பது, தேவைப்பட்டால் சில வாரம் மாவுக்கட்டு, தினமும் பயிற்சி. இவை எதுவும் ஏற்பாடு செய்யாமல் ஊசியை மட்டும் போட்டுவிட்டு வந்தால் வீண். அடிக்கடி போட்டாலும் தசை மெலியும், அதனால் 6 மாதத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு போடுகிற பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. உங்கள் மகளுக்கு ஒருமுறை, ஒரு குறிக்கோளோடு போடுவது நியாயமாகத்தான் படுகிறது. ஊசிக்குத் தேதி கொடுக்கும்போதே தாங்கிக்கு அளவெடுக்கிற தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

குதிகால் தசைநாணை வெட்டி நீட்டிவிடலாம், ஒரே நாளில் பாதம் தரையில் படும் என்று யாராவது சொன்னால் இந்த வயதில் ஒத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு காலும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு அதை மட்டும் சின்ன வயதில் செய்தால், பத்து பன்னிரண்டு வயதில் உடல் கனக்கும்போது முட்டி மடங்கிக் கூனிக் குறுகி நடக்கிற நிலை வந்துவிடலாம், அதைத் திருப்புவது மிகக் கடினம். அறுவை தேவைப்பட்டால் 6, 7 வயதுக்கு மேல் நடையை முழுசாக ஆராய்ந்து, தேவையான எல்லா இடத்தையும் ஒரே அறுவையில் சரிசெய்வதுதான் இப்போதைய முறை. நழுவுகிற இடுப்பு மட்டும் விதிவிலக்கு, அது காத்திருக்காது.

அப்புறம் அம்மாவின் வைத்தியர். எண்ணெய் தேய்க்கட்டும், வெதுவெதுப்பான எண்ணெயும் பாட்டியின் கையும் குழந்தைக்குச் சுகம், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் கதறக் கதற முட்டியை அழுத்துவதையும் காலைப் பிரித்து இழுப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். வலித்தால் இறுகிய தசை இன்னும் இறுகும். அதிகம் நடக்காத குழந்தையின் எலும்பு மெலிந்திருக்கும், முறியக்கூட வாய்ப்பு உண்டு. வைத்தியரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு உரிமையில்லை, நான் படித்துவிட்டு வந்த காலத்தில் நாங்களும் இதைத்தான் செய்தோம், என் வெள்ளை கோட்டைப் பார்த்ததுமே அழுகிற குழந்தைகள் இருந்தார்கள். கையால் சில நிமிடம் இழுத்துவிடுவதால் நீடித்த பலன் ஏதும் இல்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. மணிக்கணக்கில் தசை நீண்ட நிலையில் இருப்பதும், குழந்தை தானே முயன்று செய்கிற வேலையும்தான் பலன் தருகின்றன.

இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த முக்கியமான விஷயம். வாரம் மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம் தெரபிக்குப் போனால் வாரத்துக்கு இரண்டேகால் மணி நேரம். அவள் விழித்திருக்கிற மீதி நேரம் எண்பது மணிக்கு மேல் இருக்கும், அதில் அவள் எப்படி உட்காருகிறாள், எதற்காக நகர்கிறாள் என்பதுதான் அவள் கால்களைத் தீர்மானிக்கும். தங்களால் எட்டக்கூடிய பெரிய இயக்கத் திறன்களில் 90 சதவீதத்தை மூன்றாம் நிலைக் குழந்தைகள் சராசரியாக 3.7 வயதில் எட்டிவிடுகிறார்கள் என்று கனடாவில் நூற்றுக்கணக்கான குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து கண்டார்கள். அது சராசரிதான், அந்த வயதோடு கதவு மூடிவிடும் என்று பயப்பட வேண்டாம், அதன்பிறகும் கற்பார்கள், பலம் கூடும். ஆனால் இந்த வருடமும் அடுத்த வருடமும் பொன்னான வருடங்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. நிலத்தை விற்று, ஊர் ஊராய் அலைந்து, ஊசிக்குக் காத்திருந்து இந்த வருடத்தைச் செலவழித்துவிடக் கூடாது.

என்ன செய்வது? அவளுக்கு என்ன ஆசை என்று பாருங்கள். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைப் பார்க்கவா, தறிக்கூடத்துக்கு அப்பாவைத் தேடி வரவா, தானே கட்டிலில் ஏறவா? ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆசைதான் பயிற்சி. கட்டிலில் ஏற வேண்டுமானால் முதலில் பிடித்து எழ வேண்டும், ஒரு காலைத் தூக்க வேண்டும், உடம்பை இழுக்க வேண்டும், நாளுக்கு இருபது தடவை அதையே விளையாட்டாகச் செய்யட்டும், நீங்கள் தூக்கிவிடாமல், விழாமல் மட்டும் பார்த்துக்கொண்டு. இரண்டு வாரத்தில் எளிதாகிவிட்டால் அடுத்தது. இப்படி ஒரு குறிக்கோளை வைத்து அன்றாட வேலையையே பயிற்சியாக்குவதுதான் இன்றைக்கு ஆதாரம் அதிகம் உள்ள முறை.

பின்னால் கால் மடித்து உட்காருவதைத் திட்டித் தடுக்க வேண்டாம், அவளுக்கு அது ஒன்றுதான் கை இரண்டையும் விட்டு உட்காருகிற வழி. ஆனால் நாள் முழுக்க அப்படியே இருக்க வேண்டாம். அவள் முட்டி உயரத்துக்கு ஒரு சின்ன முக்காலி வாங்குங்கள், பாதம் இரண்டும் தரையில் படும்படி அதில் உட்கார்ந்து சாப்பிடட்டும், விளையாடட்டும். அதிலிருந்து எழுந்து நின்று மேலே இருக்கிற பொம்மையை எடுத்துவிட்டு மறுபடி உட்காரட்டும். பார்க்க விளையாட்டு, ஆனால் இதுதான் அவள் காலுக்கு உடற்பயிற்சி, ஏனென்றால் இறுகிய தசை பலமான தசை இல்லை, அது பலவீனமான தசை. தூங்கும்போது இரண்டு காலுக்கு நடுவே ஒரு தலையணை. தூக்கும்போது தோளில் படுக்கவைத்தோ, இரு காலையும் சேர்த்து அள்ளியோ தூக்காமல் நம் ஊர் வழக்கப்படி இடுப்பில், ஒரு கால் முன்னால் ஒரு கால் பின்னால் வரும்படி வையுங்கள். நம் பாட்டிகள் காலங்காலமாகத் தூக்குகிற அந்த முறை, கத்தரி போல் பின்னும் காலுக்கு அருமையான பயிற்சி, நான் இதைப் புதிதாகச் சேருகிற தெரபிஸ்டுகளுக்கே சொல்லிக் கொடுக்கிறேன்.

உங்கள் ஊர்ப்பக்கம் மணலில் குழி தோண்டிக் குழந்தையை நிற்க வைக்கச் சொல்கிறவர்கள் இருப்பார்கள். நிற்க வைக்க வேண்டும் என்கிற யோசனை சரிதான். ஆனால் மணலுக்குள் பாதம் எப்படித் திரும்பியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, குதிகால் தூக்கியே இருக்கலாம். தச்சரிடம் சொல்லி நெஞ்சு உயரத்துக்கு மேசை வைத்த, முட்டிக்கும் இடுப்புக்கும் பட்டை வைத்த ஒரு நிற்கும் சட்டம் செய்யலாம், அளவைத் தெரபிஸ்ட் கொடுப்பார். தாங்கி போட்டு, கால்களைச் சற்று அகட்டி, நாளுக்கு ஒரு மணி நேரம் வரை, பாட்டுக் கேட்டுக்கொண்டோ பருப்பு பொறுக்கிக்கொண்டோ நிற்கலாம். வாக்கர் வாங்கும்போது முன்னால் தள்ளுவதை வாங்காமல் பின்னால் இழுத்து வருகிற வகையைக் கேளுங்கள், அதில் முன்பக்கம் குனியாமல் நிமிர்ந்து நடப்பாள்.

கண்ணைத் தள்ளிப் போடாதீர்கள். மாறுகண்ணை விட்டுவிட்டால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடும், 7, 8 வயதுக்கு மேல் மீட்பது கடினம். காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். வலிப்பு வந்ததாக நீங்கள் எழுதவில்லை, ஆனால் நாலில் ஒரு குழந்தைக்கு வரும் என்பதால் வெறித்துப் பார்ப்பது, உடல் துள்ளுவது போல ஏதாவது தெரிந்தால் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். மூளையில் ஏற்பட்ட சேதம் வளராது. அதனால் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை அவள் படிப்படியாக இழந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், உடனே நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். இதைப் படிக்கிற மற்ற பெற்றோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நிறைமாதத்தில் பிரச்சினையில்லாமல் பிறந்து, எம்.ஆர்.ஐ.யும் சாதாரணமாக இருந்து, காலையில் நன்றாக இருக்கிற குழந்தை மாலையில் கால் இழுத்துத் தடுமாறினால், மூளை முடக்குவாதம் என்று எழுதிக்கொடுத்ததை அப்படியே ஏற்க வேண்டாம். லெவோடோபா என்ற மாத்திரைக்கு நன்றாகக் கேட்கிற ஒரு மரபுக் கோளாறு இதே போலத் தோன்றும். அரிதுதான், ஆனால் மாத்திரையில் தேறக்கூடியதை யாரும் தவறவிடக் கூடாது.

தலை நிற்காத, விழுங்கச் சிரமப்படுகிற குழந்தைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துச் சங்கிலோ பாலாடையிலோ ஊற்றாதீர்கள். நிமிர்த்தி, முகவாய் சற்று நெஞ்சைப் பார்க்கும்படி உட்காரவைத்து, கெட்டியான கூழாக, சிறு கரண்டியில் கொடுங்கள். சாப்பிடும்போது இருமினாலோ அடிக்கடி நிமோனியா வந்தாலோ உணவு நுரையீரலுக்குப் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். பேச்சு வராத குழந்தைக்குப் புத்தி இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். படம் ஒட்டிய அட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம், சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும்.

பணத்துக்கு வருவோம். உங்கள் பகுதி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கும், பிசியோ, கண், காது, பேச்சு எல்லாம் ஒரே இடத்தில், இலவசமாக. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள், பாதிப்பின் சதவீதத்தைப் பொறுத்து மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள், சிறப்பு நாற்காலி, வாக்கர் போன்றவையும் அங்கே கிடைக்கும். அந்த அட்டை கையில் வந்ததும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள், ஆண்டுக்கு 1 லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் உண்டு. அலுவலகம் அலுவலகமாக நடக்க வேண்டியிருக்கும், ஒரு நாள் கூலி போகும், தெரியும். இருந்தாலும் போங்கள்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பிப் பெற்றோருக்குக் கற்றுத் தருகிறது, அது எல்லா மாவட்டத்துக்கும் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உங்கள் வட்டார வள மையத்தில் கேளுங்கள், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புப் பயிற்றுநரும் பிசியோதெரபிஸ்டும் இருப்பார்கள், வெளியில் வர முடியாத குழந்தைகளுக்கு வீட்டுக்கும் வருவார்கள்.

அங்கன்வாடியில் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது, அரசு நடத்துகிற எந்தக் கல்வி நிலையமும் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் முதல் நாளே சட்டத்தைக் காட்டிச் சண்டையாக ஆரம்பிக்காதீர்கள், அந்த ஆசிரியை பெரும்பாலும் பயத்தில் சொல்கிறார், விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று. உங்கள் மனைவியோ அம்மாவோ முதல் வாரம் கூட இருக்கிறோம் என்று சொல்லுங்கள், முக்காலியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், பாப்பாவை ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். அவளுக்கு மற்ற பிள்ளைகள் வேண்டும். என் அறையில் ஒரு அடி எடுத்து வைக்க மறுக்கிற குழந்தை, பக்கத்தில் இருக்கிற பிள்ளை பந்தைத் தூக்கிக்கொண்டு போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு துரத்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆக, இந்த வாரம் எக்ஸ்ரே, கண் மருத்துவர். ஊசியும் தாங்கியும் அதன்பிறகு. எக்ஸ்ரே வந்ததும் இரண்டு பக்கத்துக்கும் எத்தனை சதவீதம் என்று எனக்கு எழுதுங்கள். அவள் எந்த ஆசையைத் தேர்ந்தெடுத்தாள், ஆட்டுக்குட்டியா கட்டிலா என்பதையும் எழுதுங்கள்.